நினைவகம் குறைந்த கணினியில் ஹியூரிஸ்டிக் தேடல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் யாருக்காக?

தேடல் நெறிமுறை ஒன்றை எழுதி ஓடவிட்டு, விடை வருமுன் "நினைவகம் போதாது" என்ற செய்தியைப் பார்த்தவர்களுக்காக. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் படிப்பவர்களும், உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் எடுத்துவிட்டு அதற்கு மேலும் தெரிந்துகொள்ள விரும்புபவர்களும் என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். அவர்களில் பலரிடம் இருப்பது 4 ஜிகாபைட் ரேம் கொண்ட பழைய மடிக்கணினி. புதியது வாங்காமல் இதையெல்லாம் செய்ய முடியுமா என்ற தயக்கம் எல்லாக் கேள்விகளுக்கும் அடியில் இருக்கிறது. முடியும். இந்தத் துறையின் மிக நல்ல நெறிமுறைகள் பிறந்த காலத்துக் கணினிகள் உங்கள் மடிக்கணினியைவிடப் பன்மடங்கு சிறியவை.

முதலில் ஏ-ஸ்டார் என்ன செய்கிறது என்று சொல்லுங்கள்.

இலக்குக்கு மிகக் குறைந்த செலவில் போகும் வழியைத் தேடும் நெறிமுறை அது. பீற்றர் ஹார்ட், நில்ஸ் நில்சன், பேர்ட்ரம் ரஃபேல் ஆகிய மூவரும் 1968இல் வெளியிட்டது. ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் ஷேக்கி என்ற ரோபோவுக்கு வழி தேடும் வேலையில் உருவானது. தேடலில் வரும் ஒவ்வோர் இடத்தையும் அல்லது நிலையையும் கணு என்பார்கள். ஒவ்வொரு கணுவுக்கும் இரண்டு எண்கள் உண்டு. தொடக்கத்திலிருந்து அங்கே வர ஆன செலவு ஜி. அங்கிருந்து இலக்குக்கு இன்னும் எவ்வளவு ஆகும் என்ற மதிப்பீடு எச்; ஹியூரிஸ்டிக் என்பது இதைத்தான். இரண்டின் கூட்டுத்தொகை எஃப். கண்டுவைத்த, ஆனால் இன்னும் விரிக்காத கணுக்களில் எஃப் மிகக் குறைந்ததை எடுத்து விரிக்க வேண்டும், அதாவது அதிலிருந்து ஒரே அடியில் போகக்கூடிய கணுக்களை உருவாக்க வேண்டும். இலக்கே கைக்கு வரும்வரை இதுதான் வேலை. எச் உண்மைச் செலவை ஒருபோதும் மிஞ்சாவிட்டால், கிடைக்கும் வழியைவிடக் குறைந்த செலவில் வேறு வழி இருக்காது.

ஹியூரிஸ்டிக் வெறும் ஊகம்தானே? அதை நம்பி எப்படிச் சரியான விடை பெறுவது?

ஊகம்தான். ஆனால் எந்தப் பக்கம் பிழைக்கலாம் என்பதற்குக் கட்டுப்பாடு உள்ள ஊகம். திருகோணமலை நகரிலிருந்து மூதூருக்கு வழி தேடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். நேர்கோட்டில் கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம், 15 கிலோமீற்றருக்குள். சாலையிலோ சீனன்குடா, கிண்ணியா என்று குடாவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். நேர்கோட்டுத் தூரத்தை எச் ஆக வைத்தால் அது குறைத்துத்தான் சொல்லும், கூட்டிச் சொல்லாது. ஆகவே விடை கெடாது. தேடல் மட்டும் கொஞ்ச நேரம் ஏமாறும். குடாவை ஒட்டிய தெருக்கள் மூதூருக்கு மிக அருகில் இருப்பதாகத் தெரிவதால் அவற்றை எல்லாம் விரித்துவிட்டு, முன்னால் தண்ணீர் மட்டுமே இருக்கிறது என்று கண்டபின்தான் சீனன்குடாப் பக்கம் திரும்பும். நிலாவெளிப் பக்கம் அது அதிகம் போகாது: வடக்கே ஒரு கிலோமீற்றர் போனால் ஜி ஒன்று கூடுகிறது, எச்சும் ஏறக்குறைய ஒன்று கூடுகிறது, எஃப் இரண்டு ஏறிவிடுகிறது.

"குடா இருப்பதுதான் நமக்குத் தெரியுமே, சுற்றுப் பாதையின் நீளத்தையே எச் ஆக வைத்தால் என்ன?" என்று ஒரு மாணவி கேட்டார். சாலைகள் மட்டும் உள்ள வரைபுக்கு அது மிக நல்ல யோசனை. இரு கரைகளுக்கும் இடையில் படகு வழி ஒன்றை வரைபில் சேர்த்த அன்றே அது பிழைத்துவிடும். மதிப்பீடு உண்மையை மிஞ்சிவிடுவதால் குறுகிய படகு வழி கண்ணில் படாமலே போகலாம். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டபோது போக்குவரத்து வழிகள் மாறின. அப்படி எது மாறினாலும் நேர்கோட்டுத் தூரம் செல்லுபடியாகும், ஏனென்றால் அது எந்தச் சாலையையும் நம்பிக் கணக்கிடப்பட்டதல்ல.

சரி, நினைவகம் ஏன் அவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோகிறது?

விரித்து முடித்த கணுக்கள், விரிக்கக் காத்திருக்கும் கணுக்கள் எல்லாவற்றையும் ஏ-ஸ்டார் கடைசிவரை வைத்திருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் இது உறைக்கும். பதினைந்து கட்டைப் புதிரை எடுத்துக்கொள்வோம்: 4க்கு 4 பலகை, 1 முதல் 15 வரை எண்ணிட்ட கட்டைகள், ஒரு வெற்றிடம். வெற்றிடத்தின் அருகிலுள்ள கட்டையை அதற்குள் தள்ளித் தள்ளி எண்களை வரிசைக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு நிலையை எழுதிவைக்க 16 இடங்கள், இடத்துக்கு 4 பிட், ஆக 8 பைட். பெற்றோர்க் கணுவின், அதாவது எந்தக் கணுவிலிருந்து இங்கே வந்தோமோ அதன், முகவரிக்கு இன்னொரு 8 பைட். ஜி, எச் இரண்டுக்கும் சில பைட். அதன்பின், ஏற்கெனவே பார்த்த நிலைகளை அடையாளம் காணும் ஹாஷ் அட்டவணையிலும், எஃப் மிகக் குறைந்ததை எடுத்துத்தரும் முன்னுரிமை வரிசையிலும் இடம் வேண்டும். சிக்கனமாக எழுதினாலும் ஒரு கணுவுக்கு 40 பைட் என்று வையுங்கள். விநாடிக்கு ஒரு மில்லியன் கணுக்களை உருவாக்குவது சாதாரண மடிக்கணினியால் முடிகிற வேலை. அப்படியானால் விநாடிக்கு 40 மெகாபைட், 100 விநாடியில் 4 ஜிகாபைட். இயங்குதளமும் உலாவியும் பாதியைப் பிடித்துவைத்திருந்தால் ஒரு நிமிடத்துக்குள் கதை முடிந்தது.

இந்தப் புதிரில் எட்டக்கூடிய நிலைகள் 10,461,394,944,000. ஒவ்வொன்றுக்கும் வெறும் 8 பைட் ஒதுக்கினாலும் 83 டெராபைட்டுக்கு மேல் வேண்டும். விடைக்காக ஓர் இரவு காத்திருக்க எல்லோரும் தயார். கையிலுள்ள தேநீர் ஆறுமுன் நினைவகம் தீர்ந்துவிடுவதால் அந்தப் பொறுமைக்கு வேலையே இல்லாமல் போகிறது. நேரத்தைக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து நினைவகத்தை மிச்சப்படுத்துவதுதான் கீழே வரும் நெறிமுறைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான பேரம்.

வன்தட்டில்தான் நிறைய இடம் இருக்கிறதே?

ரேம் நிறைந்ததும் இயங்குதளம் தானாகவே வன்தட்டைத் துணைக்கு எடுத்துக்கொள்ளும். ஆனால் ஹாஷ் அட்டவணை ஒவ்வொரு முறையும் நினைவகத்தின் வேறொரு மூலையைத் தொடுவதால், ஒவ்வொரு தொடுகைக்கும் தட்டிலிருந்து ஒரு பக்கத்தை ஏற்ற வேண்டியிருக்கும். நிரல் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்றே தெரியாது. தட்டை ஒழுங்காகப் பயன்படுத்தத் தனி நெறிமுறைகள் உண்டு. அவை கோப்புகளை வரிசையாக வாசித்து, வரிசையாக எழுதி, ஒரே நிலை இரண்டு முறை வந்திருந்தால் பிற்பாடு மொத்தமாகச் சேர்த்து நீக்கும். ரிச்சர்ட் கோர்ஃப், பீற்றர் ஷுல்ட்ஸ் இருவரும் 2005இல் இவ்வகையில் பதினைந்து கட்டைப் புதிரின் எல்லா நிலைகளையும் ஒன்றுவிடாமல் பார்த்து முடித்தார்கள். 28 நாட்களும் 1.4 டெராபைட் வட்டு இடமும் தேவைப்பட்டன. எவ்வளவு கலைந்த பலகையையும் 80 நகர்வுகளுக்குள் சரிசெய்துவிடலாம் என்பது அத்தேடலில் உறுதியான முடிவு. பெரிய சாதனை; ஒரு பாடத்திட்டச் செயன்முறைக்கு ஏற்ற வழியன்று.

ஐடிஏ-ஸ்டார் எப்படி வேலை செய்கிறது?

இதே கோர்ஃப் 1985இல் வெளியிட்டது. எதையும் சேமித்துவைக்காமல் ஆழமாகப் போய்த் தேடு, ஆனால் எஃப்புக்கு ஓர் எல்லை வை: சாரம் இவ்வளவுதான். முதல் எல்லை, தொடக்க நிலையின் எச். எஃப் அந்த எல்லையைத் தாண்டும் இடத்தில் திரும்பிவிட வேண்டும். எல்லைக்குள் இலக்கு அகப்படாவிட்டால், தாண்டிய எஃப்புகளில் மிகச் சிறியதைப் புதிய எல்லையாக வைத்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எல்லை படிப்படியாக மட்டுமே உயர்வதால், முதலில் அகப்படும் விடையே மிகச் சிறந்த விடை.

நிரலுக்குள் நடப்பதை நெருங்கிப் பாருங்கள். நினைவகத்தில் இருப்பது ஒரே ஒரு பலகை. 7ஆம் எண் கட்டையை வெற்றிடத்துக்குள் தள்ளுகிறீர்கள். மன்ஹாட்டன் தூரத்தை, அதாவது ஒவ்வொரு கட்டையும் தன் இடத்திலிருந்து எத்தனை கட்டம் தள்ளியிருக்கிறது என்பதன் கூட்டுத்தொகையை, முழுதாக மறுபடி கணக்கிட வேண்டியதில்லை. நகர்ந்தது 7 மட்டும் என்பதால் எச் ஒன்று கூடும் அல்லது ஒன்று குறையும். சார்பு தன்னையே அழைத்து அடுத்த ஆழத்துக்குப் போகிறது. அங்கே வழி இல்லை என்று திரும்பி வந்ததும் 7ஐப் பழைய இடத்தில் வைத்துவிட்டு அடுத்த கட்டையைத் தள்ளுகிறீர்கள். எந்த நேரத்திலும் கையில் இருப்பது தொடக்கத்திலிருந்து இந்த இடம்வரை வந்த வழி மட்டும். 80 படிகளுக்கு மேல் அது போகாது. முழுத் தேடலுக்கும் சில கிலோபைட் போதும். வந்த நகர்வையே உடனே திருப்பிச் செய்யாதபடி ஒரு சிறு நிபந்தனை மட்டும் சேர்த்துவிடுங்கள்; அது இல்லாவிட்டால் நிரல் முன்னும் பின்னுமாக ஆடி நேரத்தை வீணாக்கும்.

ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்குவது வீண் வேலை அல்லவா?

எல்லோருக்கும் முதலில் அப்படித்தான் தோன்றும். பதினைந்து கட்டைப் புதிரில் ஒவ்வொரு நகர்விலும் எஃப் மாறாதிருக்கும் அல்லது இரண்டு கூடும். ஆகவே எல்லையும் இரண்டிரண்டாக ஏறும். தொடக்க எச் 41, உண்மை விடை 55 நகர்வுகள் என்றால் 41, 43, 45 என்று எட்டுச் சுற்றுகள். திரும்பி வராத நகர்வுகளை மட்டும் எண்ணினால் ஒரு நிலையிலிருந்து சராசரியாக 2.13 நிலைகள் கிளைக்கின்றன. எல்லை இரண்டு ஏறும்போது வேலை ஏறக்குறைய 2.13 பெருக்கல் 2.13, அதாவது நாலரை மடங்கு கூடுகிறது. கடைசிச் சுற்றின் வேலை 100 என்றால் அதற்கு முந்தியது 22, அதற்கு முந்தியது 5, பிறகு 1. முந்திய சுற்றுகள் அனைத்தும் சேர்ந்து 28தான். சுமார் கால் பங்கு கூடுதல் நேரத்தைக் கொடுத்து, பல ஜிகாபைட் தேவையைச் சில கிலோபைட்டாகக் குறைத்துவிட்டீர்கள். தவிர, ஹாஷ் அட்டவணையும் முன்னுரிமை வரிசையும் இல்லாததால் ஒரு கணுவுக்கு ஆகும் நேரமும் குறைகிறது.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் ஐடிஏ-ஸ்டாரையே பயன்படுத்தலாமா?

கூடாது. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் புதிரில் வெற்றி கண்டவர்கள் அடுத்ததாக அதைச் சாலை வரைபடத்தில் ஓடவிடுகிறார்கள்.

முதல் தடை, ஒரே இடத்துக்குப் பல வழிகள் இருப்பது. எதையும் நினைவில் வைக்காத நெறிமுறைக்கு, ஏற்கெனவே வந்த சந்திக்கு வேறு வழியாக மறுபடி வந்திருக்கிறோம் என்று தெரியாது. 10க்கு 10 கட்டங்களாகத் தெருக்கள் அமைந்த ஓர் ஊரில் சந்திகள் 121தான். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குப் பின்வாங்காமல் போகும் வழிகளோ 184,756. ஊர் 20க்கு 20 ஆனால் சந்திகள் 441, வழிகள் 137,846,528,820. இலக்கின் வாசலுக்கு வரும் இரண்டு தெருக்களையும் அடைத்துவைத்துத் தேடச் சொன்னால், ஏ-ஸ்டார் சில நூறு கணுக்களில் முடிக்கும் வேலைக்கு ஐடிஏ-ஸ்டார் அத்தனை வழிகளிலும் நடந்து பார்க்கப் புறப்பட்டுவிடும்.

இரண்டாவது, செலவுகள் மீற்றரிலும் விநாடியிலும் நுணுக்கமாக வேறுபடுவது. எஃப் ஒவ்வொரு கணுவுக்கும் வெவ்வேறாக இருந்தால் எல்லை நூலிழை அளவே உயரும். ஒரு சுற்றில் ஒரே ஒரு புதிய கணுகூட அகப்படலாம். 10,000 கணுக்களைப் பார்க்க வேண்டிய தேடல் அப்போது 50 மில்லியன் தடவை கணுக்களைத் தொடும். எல்லையை ஒரு குறிப்பிட்ட அளவால் உயர்த்தினால் இது குறையும், ஆனால் விடை அதே அளவுக்குள் பிசகலாம்.

முதல் தடைக்கு நல்ல மருந்து ஒன்று இருக்கிறது. மீதமிருக்கும் நினைவகத்தில் அளவு மாறாத ஓர் அட்டவணையை வைத்து, பார்த்த நிலைகளையும் அவற்றுக்குக் கண்ட மதிப்புகளையும் எழுதிவைப்பது. அட்டவணை நிறைந்தால் பழையதன்மேல் எழுதலாம்; வேகம் குறையுமே தவிர விடை கெடாது. சதுரங்க நிரல்களில் வெகுகாலமாக இருக்கும் உத்தி இது.

ஆர்பிஎஃப்எஸ், எஸ்எம்ஏ-ஸ்டார் இரண்டுக்கும் என்ன வேறுபாடு? பரீட்சையில் அடிக்கடி வருகிறது.

ஆர்பிஎஃப்எஸ் கோர்ஃப் 1993இல் வெளியிட்டது. ஒரு கிளையில் இறங்கும்போது, அடுத்த சிறந்த கிளையின் எஃப்பை நினைவில் வைத்துக்கொண்டு இறங்கும். போகும் கிளை அதைவிட மோசமானால் அந்தக் கிளையை மறந்து, அதன் புதிய எஃப்பை மட்டும் பெற்றோரிடம் குறித்துவிட்டு மற்றதற்குத் தாவும். நினைவகம் ஆழத்துக்கு ஏற்பவே கூடும்.

ஐடிஏ-ஸ்டார், ஆர்பிஎஃப்எஸ் இரண்டிலும் ஒரு குறை: 4 ஜிகாபைட் இருந்தாலும் சில கிலோபைட்டைத்தான் தொடும், மீதி சும்மா கிடக்கும். இருப்பதை முழுதும் பயன்படுத்தும் எண்ணத்தை 1989இல் காரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சக்ரவர்த்தி குழுவினர் எம்ஏ-ஸ்டார் என்ற நெறிமுறையாக வெளியிட்டார்கள். ஸ்டுவர்ட் ரசல் 1992இல் அதை எளிமையாக்கியதுதான் எஸ்எம்ஏ-ஸ்டார். நினைவகம் நிறையும்வரை அது ஏ-ஸ்டார் போலவே நடக்கும். நிறைந்ததும் இலைக் கணுக்களில், அதாவது கிளைகளின் நுனியில் இருப்பவற்றில், எஃப் மிகப் பெரியதைத் தூக்கிவிட்டு, அதன் மதிப்பைப் பெற்றோரிடம் எழுதிவைக்கும். பிறகு தேவைப்பட்டால் மறுபடி உருவாக்கும். சிறந்த வழி முழுதாக நினைவகத்தில் அடங்குமானால் சிறந்த விடை நிச்சயம். எழுதுவது கடினம், ஒரு கணுவுக்கான வேலையும் அதிகம். சமமான பல கிளைகளுக்கு இடையில் மறப்பதும் மறுபடி உருவாக்குவதுமாக அது திண்டாடும் சந்தர்ப்பங்களும் உண்டு. பரீட்சைக்குப் படியுங்கள். சொந்த வேலைக்கு முதலில் ஐடிஏ-ஸ்டாரையும் அட்டவணையையும் முயன்றுவிட்டு இதற்கு வாருங்கள்.

வேகத்தைக் கூட்ட மிகப் பெரிய வழி எது?

எச்சைத் திருத்துவது. நெறிமுறையை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் செலவாகும் நேரத்தில் பாதியை ஹியூரிஸ்டிக்குக்குக் கொடுத்தால் பலன் பல மடங்கு வரும் என்பது என் உறுதியான கருத்து. கோர்ஃப், ஏரியல் ஃபெல்னர் இருவரும் 2002இல் பதினைந்து கட்டைப் புதிரின் 1,000 நிலைகளில் சோதித்த எண்களைப் பாருங்கள். ஐடிஏ-ஸ்டார் மன்ஹாட்டன் தூரத்துடன் ஒரு புதிருக்குச் சராசரியாக உருவாக்கிய கணுக்கள் சுமார் 401 மில்லியன். அத்துடன் ஒரு சிறு திருத்தம்: தமக்குரிய வரிசையிலேயே இருந்தும் முன்பின்னாக மாறி நிற்கும் இரண்டு கட்டைகளில் ஒன்று விலகி வழிவிட்டாக வேண்டும் என்பதால் எச்சில் இரண்டைக் கூட்டுவது. சுமார் 40 மில்லியனாக இறங்கியது. பத்தில் ஒன்று!

அதற்கு அடுத்த படி வடிவத் தரவுத்தளம். ஜோசஃப் கல்பர்சன், ஜொனதன் ஷேஃபர் இருவரும் 1990களில் அறிமுகப்படுத்தியது. கட்டைகளை 7, 8 என இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் பலகையில் இருக்கக்கூடிய எல்லா அமைப்புகளுக்கும், அந்தக் குழுவின் கட்டைகளை மட்டும் எண்ணினால் எத்தனை நகர்வு தேவை என்பதை இலக்கிலிருந்து பின்னோக்கித் தேடி முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். ஒரு நகர்வு ஒரு குழுவில் மட்டுமே எண்ணப்படுவதால் இரண்டு மதிப்புகளையும் தைரியமாகக் கூட்டலாம். ஏழு கட்டைக் குழுவுக்கு 57,657,600 பதிவுகள், எட்டுக்கு 518,918,400. பதிவுக்கு ஒரு பைட், மொத்தம் சுமார் 577 மெகாபைட். உங்கள் 4 ஜிகாபைட்டில் தாராளமாக அடங்கும். இதைக் கொண்டு தேடியபோது 401 மில்லியன் கணுக்கள் 36,710 ஆகின. சேமித்த நினைவகத்தை இங்கே செலவழிப்பதைவிட நல்ல முதலீடு கிடையாது. ரூபிக் கனசதுரத்தின் 43,252,003,274,489,856,000 நிலைகளுக்கிடையில் மிகக் குறுகிய விடைகளைக் கோர்ஃப் 1997இல் கண்டதும் ஐடிஏ-ஸ்டாரையும் இத்தகைய தரவுத்தளங்களையும் சேர்த்துத்தான்.

மிகச் சிறந்த விடை வேண்டாம், நல்ல விடை போதும் என்றால்?

வேலை வெகுவாகக் குறையும். எச்சை ஒன்றைவிடப் பெரிய எண்ணால் பெருக்குங்கள், 1.5ஆல் பெருக்கினால் விடை மிகச் சிறந்ததைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் போகாது என்ற உத்தரவாதம் உண்டு. கற்றைத் தேடல் இன்னொரு வழி: ஒவ்வொரு ஆழத்திலும் சிறந்த சில கணுக்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை எறிந்துவிடும். 1976இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான ஹார்ப்பி என்ற பேச்சறியும் அமைப்பு இதைத்தான் பயன்படுத்தியது. நினைவகம் நீங்கள் சொன்ன அளவைத் தாண்டாது. விடையே அகப்படாமல் போகும் ஆபத்தும் உண்டு.

திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு வழி காட்டும் செயலி எழுதுகிறேன். இவற்றில் எதை எடுக்க?

எதையும் எடுக்க வேண்டாம். ஒரு மில்லியன் சந்திகள் என்று வைத்துக்கொண்டாலும் 40 மெகாபைட்தான், கைப்பேசியிலேயே அடங்கும். நேர்கோட்டுத் தூரத்துடன் சாதாரண ஏ-ஸ்டார் எழுதுங்கள்.

பைதானில் எழுதலாமா?

எழுதலாம், ஆனால் நிலையை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். 16 எண்கள் கொண்ட ஒரு டியூப்பிள் 160 பைட்டுக்கு மேல் பிடிக்கும். அதையே ஒரே முழு எண்ணாகப் பொதிந்தால் 36 பைட். சி பிளஸ் பிளஸில் 8 பைட்தான். ஐடிஏ-ஸ்டாரில் ஒரே பலகை என்பதால் நினைவகம் பிரச்சினையாகாது, வேகம்தான் பிரச்சினை. ஆகவே பைதானில் 3க்கு 3 பலகையில் தொடங்குவது நல்லது.

நிரல் முடிவே இல்லாமல் ஓடுகிறது. எங்கே பிழை?

பிழை நிரலில் இல்லாமல் பலகையில் இருக்கலாம். கட்டைகளைக் கழற்றி மனம்போல அடுக்கினால் அப்படி வரும் அமைப்புகளில் சரிபாதி தீர்க்க முடியாதவை. 1879இலேயே இது கணித இதழில் நிறுவப்பட்டுவிட்டது. 14ஐயும் 15ஐயும் மட்டும் இடம் மாற்றி வைத்த பலகை அப்படிப்பட்டது. ஏ-ஸ்டாராக இருந்தால் எல்லா நிலைகளும் தீர்ந்ததும் நின்றுவிடும், நினைவகம் இருந்தால். ஐடிஏ-ஸ்டார் எல்லையை உயர்த்திக்கொண்டே போகும். ஆகவே தேடுமுன் சோதியுங்கள். பலகையை வரிசையாக வாசித்து, பெரிய எண் சிறிய எண்ணுக்கு முன்னால் வரும் சோடிகளை எண்ணுங்கள். வெற்றிடம் கீழிருந்து எத்தனையாவது வரிசை என்பதை அதனுடன் கூட்டுங்கள். வெற்றிடம் கடைசி மூலையில் வரும் இலக்குக்கு, 4க்கு 4 பலகையில் இந்தத் தொகை ஒற்றை எண்ணாக இருந்தால்தான் விடை உண்டு. 3க்கு 3 பலகையில் சோடிகளின் எண்ணிக்கை இரட்டையாக இருந்தால் போதும், வெற்றிடத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

விடை சரிதான், ஆனால் மிகக் குறுகியதுதானா என்று எப்படி உறுதிப்படுத்துவது?

3க்கு 3 பலகையில் எட்டக்கூடிய நிலைகள் 181,440 மட்டும். எதற்கும் 31 நகர்வுகளுக்கு மேல் தேவையில்லை. இலக்கிலிருந்து அகல்முறைத் தேடலில், அதாவது ஒரு நகர்வில் எட்டுபவை, பிறகு இரண்டு நகர்வில் எட்டுபவை என்று வரிசையாகப் பார்த்து, எல்லா நிலைகளுக்கும் சரியான தூரத்தை எழுதிவைத்துவிடுங்கள். எந்தக் கணினியிலும் அடங்கும். பிறகு ஐடிஏ-ஸ்டாரை அந்த நிலைகளில் ஓடவிட்டு ஒப்பிடுங்கள். எண்ணிக்கை எங்காவது கூடுதலாக வந்தால் முதலில் பார்க்க வேண்டியது, மன்ஹாட்டன் தூரத்தில் வெற்றிடத்தையும் ஒரு கட்டையாக எண்ணிவிட்டீர்களா என்பதை. அப்படி எண்ணினால் எச் உண்மையை மிஞ்சிவிடும். அங்கே பிழை இல்லையென்றால், திரும்பி வரும்போது கட்டையைப் பழைய இடத்தில் வைக்கும் வரியைப் பாருங்கள்.